லார்டு பட்டத்தை விட்டார், நான் அப்பாவை விட்டேன்

தம்பி,

அமெரிக்காவில் ஜனாதிபதியைத் திறந்த காரில் வைத்துச் சுட்டுக் கொன்ற வருஷம் அது. நம் தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கு ஓலையை எடுத்துவிட்டுத் தகரம் போட்டதும் அதே வருஷம்தான். அமெரிக்கச் செய்தி வருவதற்கு ஒரு மாதம் முந்தி, ஐப்பசி அடைமழையில், கடுகண்ணாவைக்கு மேலே தொரை பங்களாவின் பெரிய அறையில் ரேடியோ இரைந்துகொண்டிருந்தது. சீமையில் ஒரு லார்டு பிரதம மந்திரியாகிவிட்டார் என்று அது சொன்னது. தொரை கதிரையிலிருந்து துள்ளி எழுந்து, தேத்தண்ணீர் கொண்டுபோன என் தோளில் அடித்தார். கோப்பை கவிழ்ந்தது. அவர் திட்டவில்லை. அன்று பங்களாவில் எது உடைந்திருந்தாலும் திட்டியிருக்க மாட்டார். அந்த லார்டின் வேட்டைக் காட்டுக்குக் காவல்காரராக இருந்தவர் தொரையின் சித்தப்பா.

இந்தக் கதையை நீ நூறு தடவை கேட்டிருக்கிறாய். சோறு ஊட்டும்போது சொன்னேன், பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போகும்போது சொன்னேன், நீ வெளிநாடு போகிற அன்று கட்டுநாயக்கா விமான நிலையம் போகும் வழியெல்லாம் சொன்னேன். அப்பன் வழி வந்த பட்டத்தைப் பெரிய காரியத்துக்காகத் தூக்கி எறிந்த மனிதர் என்று சொல்லித்தான் உன்னை வளர்த்தேன். அந்தக் கதையைப் பிடித்துக்கொண்டுதானோ என்னவோ நீயும் அந்த நாட்டுக்கே வேலைக்குப் போனாய். போன மாதம் அவர் வீட்டுத் தோட்டத்தைப் பார்க்க ஆட்களை விடுகிறார்கள் என்று பஸ் ஏறிப் போய், வாசலில் நின்று படம் பிடித்து அனுப்பினாய். படத்துக்குப் பின்னாலேயே போனில் உன் குரல் வந்தது. "அப்பா, ஆம்பளப் புள்ளன்னு சொல்லிட்டாங்க. தாத்தா பேரத்தான் வைக்கப் போறோம். வேலாயுதம். இங்க உள்ளவங்களுக்கு வாயில நுழையாது, பரவால்ல." நான் நல்லது என்று மட்டும் சொல்லி, போனில் சார்ஜ் இல்லை என்று வைத்துவிட்டேன். சார்ஜ் இருந்தது, தம்பி. வேலாயுதம் உன் தாத்தா இல்லை.

நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவர் மடவளை பாரூக் நானா. உனக்குத் தெரியும், அரசாங்கக் கச்சேரி வாசலில் நாற்பது வருஷம் மேசை போட்டு, எழுதத் தெரியாதவர்களுக்கெல்லாம் படிவம் நிரப்பியவர். மேலே உள்ள கடைசி வரியைச் சொல்லிவிட்டு நான் வெகுநேரம் பேசாமல் இருந்தேன். அவர் பேனாவை மூடிவிட்டு, "அண்ணே, எத்தின பேருக்கு ஃபோம் நிரப்பியிருப்பன். வாப்பாட பேர் எண்ட கட்டத்தில ஆரும் இவ்வளவு நேரம் எடுத்ததில்ல," என்றார். சிரிப்பு வந்தது. அதற்குப் பிறகுதான் பேசவும் வந்தது. போனில் ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்பாய். போனில் உன் முகம் தெரிகிறது. கடிதத்தில் தெரியாது, அவ்வளவுதான். இதை வேறு யார் படித்தாலும் பரவாயில்லை. இந்தக் கண்டியில் என்னைப் போல இன்னொருவன் பெயரோடு வாழ்ந்து கிழவனானவர்கள் வேறு சிலரும் இருப்பார்கள்.

உன் தாத்தா பெயர் மாரிமுத்து. தொரை பங்களாவில் பூந்தோட்டம் பார்த்தவர். ஒல்லியான ஆள், காக்கிக் கால்சட்டை, இடுப்பில் கத்திரி. வாய் மட்டும் அவர் உடம்பைவிடப் பெரியது. லார்டைப் பற்றி நான் உனக்குச் சொன்ன வேடிக்கையெல்லாம் உண்மையில் அப்பாவின் வாயிலிருந்து வந்தவை. நான் அவற்றை என்னுடையவை போலச் சொல்லிக்கொண்டேன். அதற்கும் சேர்த்துத்தான் இப்போது கூசுகிறேன். மழை நின்ற காலையில் தொரை வராந்தாவில் நின்று, தோட்டத் தமிழில் அப்பாவுக்கு விளக்கினார். "மாரிமுத்து, அவன் பெரிய லார்டு. லார்டு சபையில குந்தினா பிரதம மந்திரி வேல கஷ்டம். அவன் என்னா செஞ்சான்? கையெழுத்துப் போட்டான், பட்டம் வீசிட்டான். இப்ப லார்டு சபையிலயும் இல்ல, சனங்க சபையிலயும் இல்ல. ஓட்டுக் கேட்டு ஜெயிக்கிற வரைக்கும் எங்கயும் இல்ல." அப்பா ரோஜாவைக் கவாத்துப் பண்ணிக்கொண்டே கேட்டார். "எத்தன நாளைக்குங்க?" "ரெண்டு கெழம." அப்பா நிமிர்ந்தார். "நாங்க பதினஞ்சு வருசமா அங்கயும் இல்ல, இங்கயும் இல்லைங்க. எங்கள ஏன் யாரும் மந்திரியாக்கல?" தொரைக்குச் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. கடைசியில் சிரித்தார்.

பதினைந்து வருஷம் என்று அப்பா சொன்னது சரியான கணக்கு. சுதந்திரம் வந்த கையோடு தோட்டத்துச் சனங்களுக்குப் பிரஜாவுரிமை இல்லை என்று சட்டம் போட்டார்கள். பிறகு, எழுதிக் கேட்டால் சிலருக்குக் கொடுப்போம் என்றார்கள். அப்பாவும் கேட்டார். அவர் இங்கே பிறந்தவர். ஆனால் தன் அம்மாவின் சாவுக்கு இந்தியா போன இடத்தில் காய்ச்சலில் விழுந்து ஒரு வருஷத்துக்கு மேல் தங்கிவிட்டார். விடாமல் இங்கேயே வசித்தவர் இல்லை என்று சொல்லி மனுவைத் திருப்பிவிட்டார்கள். அவர் பிள்ளையான நானும் எந்த நாட்டுக்காரனும் இல்லை. அது எங்கள் லயத்து வரிசை வீடுகளில் யாருக்கும் பெரிய விஷயமாகப் படவில்லை. எல்லோருமே அப்படித்தான் இருந்தோம்.

லார்டைப் பற்றித் தொரைக்குத் தெரியாதது இல்லை. இளவயதில் கிரிக்கட் ஆடியவர், ஆற்றில் மீன் பிடிப்பவர், வலியப் பேச மாட்டார், கோபம் வராது. யுத்தத்துக்கு முன்னால் ஜெர்மன்காரனோடு சமாதானம் பேசப் போன பிரதம மந்திரிக்குப் பக்கத்தில் உதவியாளாகப் போயிருக்கிறார். அதைச் சொல்லும்போது மட்டும் தொரையின் குரல் தணிந்துவிடும். பிறகு முதுகெலும்பில் நோய் வந்து இரண்டு வருஷம் கட்டுப்போட்டுப் படுக்கையில் கிடந்தாராம், படுத்தபடியே புத்தகம் புத்தகமாகப் படித்தாராம். அப்பா ஒரு தடவை வேலி வெட்டும்போது ஏணியிலிருந்து விழுந்து லயத்தில் கிடந்தபோது, தொரை குனிந்து உள்ளே வந்து இந்தக் கதையைச் சொல்லித் தைரியம் சொன்னார். அப்பா சொன்னார், "அவருக்குப் படிக்கத் தெரியும் தொரை. நான் கூரைத் தகரத்தத்தான் படிச்சிக்கிட்டுக் கெடக்கேன். ஓட்டை எத்தனன்னு மனப்பாடம்." லார்டு தீக்குச்சியை வைத்துக் கணக்குப் பார்க்கிறவர் என்று சொல்லி எதிர்க்கட்சிக்காரர்கள் கேலி செய்கிறார்கள் என்று தொரை இன்னொரு நாள் வருத்தப்பட்டார். "நானும் தீக்குச்சிதாங்க வச்சிருக்கேன். எனக்கு ஒரு ஓட்டுகூட இல்லியே," என்றார் அப்பா.

மறு வருஷமே லார்டு தேர்தலில் தோற்றார். கொஞ்ச இடத்தில்தான் தோற்றார். தொரை இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அதே மாதம் இந்த நாட்டுக்காரர்களும் இந்தியாக்காரர்களும் உட்கார்ந்து பேசி, எங்களில் இத்தனை இலட்சம் பேர் உனக்கு, இத்தனை இலட்சம் பேர் எனக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். லயத்தில் அதுவரை இல்லாத ஒரு பேச்சு வந்தது: நீ இந்தியாவா, சிலோனா? ஒரே அடுப்பில் சமைத்தவர்கள் அப்படிக் கேட்டுக்கொண்டார்கள். அப்பா இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தார். ஏற்கெனவே ஒரு தடவை இல்லை என்று சொன்னவர்களிடம் போய் மறுபடியும் நிற்க அவருக்கு மனம் வரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் தொரை ஊருக்குத் திரும்பிப் போனார். போகும்போது கண்டி டவுனில் ஒரு பெரிய ஹோட்டலுக்கு எனக்காகக் கடிதம் கொடுத்தார். மேசையில் பரிமாறுகிற வேலை. எனக்கு இங்கிலீஷ் காதால் வரும், தட்டு சத்தமில்லாமல் வைக்கத் தெரியும். ஹோட்டல்காரர் எல்லாம் சரி என்றார், பிரஜாவுரிமைப் பத்திரம் எங்கே என்று கேட்டார். தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வெளியே வந்த நான் நேராக வேலாயுதத்தின் கடைக்குப் போனேன். பங்களாவுக்குப் பலசரக்கு அனுப்புகிற கடை அது, மார்க்கட்டுக்குப் பக்கத்தில். வேலாயுதம் முதல் தடவையிலேயே பிரஜாவுரிமை பெற்றவர். மனைவி இல்லை. ஒரே மகன் இருந்தான், சண்முகநாதன். பதினோரு வயதில் கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகிற வழியில் நெருப்புக் காய்ச்சல் வந்து, காட்டிலேயே அடக்கம் பண்ணிவிட்டு வந்தார்கள். அந்தச் சாவை எந்தக் கச்சேரியிலும் பதியவில்லை. பத்திரங்களில் அவன் உயிரோடுதான் இருந்தான். இருந்தால் என் வயது.

வேலாயுதம் எனக்கு ஒரு சோடா உடைத்துக் கொடுத்து, நான் சொன்னதையெல்லாம் கேட்டார். பிறகு அலுமாரியைத் திறந்து, மகனின் பத்திரங்கள் இருந்த ஒரு உறையை எடுத்து என் முன்னால் வைத்தார். "பேரு சும்மாதான் கெடக்குது. போட்டுக்க." நான் பயந்துபோய் என்ன தர வேண்டும் என்று கேட்டேன். அவருக்குக் கோபம் வந்தது. "காசா கேட்டேன்? எனக்குக் கொள்ளி வைக்க ஒரு ஆள் வேணும். அவ்வளவுதான்." அவர் கெட்ட மனிதர் இல்லை, தம்பி. அதை எழுதும்போது பாரூக் நானாவிடம் இரண்டு தடவை சொன்னேன். தன் பிள்ளையின் பெயர் யாருக்காவது உபயோகப்படட்டும் என்று நினைத்தார். யோசிக்க வேண்டியவன் நான்.

அன்று சாயங்காலம் தோட்டத்துக்குப் போய், ரோஜாப் பாத்தியில் நின்ற அப்பாவிடம் சொன்னேன். நேராகச் சொல்லத் தைரியமில்லாமல் லார்டை இழுத்தேன். "லார்டே அப்பன் வழி வந்த பட்டத்த விட்டாருல்லப்பா. பெரிய வேலன்னா எதையாச்சும் விடத்தான் வேணும்." அப்பா கத்திரியை நிறுத்தவில்லை. "அவரு பட்டத்த விட்டாரு. அப்பன விடலியேடா." நான் சொன்னேன், "கடுதாசியில மட்டும்தானப்பா." இன்னொரு கிளையை வெட்டிப் போட்டார். "சரி. கடுதாசியில அவரு மகனா இரு. சோறு திங்கிறப்ப என் மகனா இரு," என்றார். ஒப்புக்கொண்டாரே என்று எனக்குச் சந்தோஷம். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. இரண்டு மாதம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போய்ச் சாப்பிட்டேன். பிறகு, எங்கே போகிறாய் என்று கடைத்தெருவில் கேட்க ஆரம்பித்தார்கள். போவதை நிறுத்தினேன். வேலாயுதம் எனக்குக் கையெழுத்துப் போடப் பழக்கினார். நான் எழுதப் படிக்கத் தெரியாதவன் என்று உனக்குத் தெரியும், என் கையெழுத்து மட்டும் அழகாக இருக்கும் என்று நீயே சொல்வாய். இந்த உலகத்தில் என் கை எழுதக்கூடிய ஒரே வார்த்தை அந்தச் செத்துப்போன பையனின் பெயர். நான் பிறந்தபோது வைத்த பெயர் கருப்பையா. அதை எழுத எனக்குத் தெரியாது.

இனிச் சொல்லப்போவதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. உன் அம்மாவிடம்கூட. வேலை கிடைத்த நாலாவது வருஷமோ ஐந்தாவது வருஷமோ, அப்பா, அம்மா, தங்கச்சி மூன்று பேருக்கும் கப்பலுக்கு நாள் வந்தது. கண்டி ஸ்டேஷனிலிருந்து தலைமன்னாருக்குக் கோச்சி. ஒப்பாரிக் கோச்சி என்பார்கள், ஏறுகிறவர்களும் ஏற்றிவிட வந்தவர்களும் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுவதால். எனக்கு நாள் தெரியும். வழியனுப்பப் போவதா வேண்டாமா என்று ஒரு வாரம் மறுகினேன். கடைசியில் ஹோட்டலுக்கு வருகிற வெள்ளைக்காரர்களைக் கூட்டிவர ஸ்டேஷனுக்குப் போகிற வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டு, வெள்ளைக் கோட்டோடு போய் நின்றேன். பார்க்கவும் வேண்டும், பார்த்ததாக இருக்கவும் கூடாது. அப்பா ஒரு தகரப் பெட்டியோடு வரிசையில் நின்றார். என்னைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. வரிசையை விட்டு என் பக்கம் இரண்டு எட்டு வைத்தார். லிஸ்டோடு நின்ற உத்தியோகத்தர் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சும்மா ஒரு பேச்சுக்கு என்னிடம் கேட்டார்: "தெரிஞ்சவரா?"

தெரிந்தவர் என்று சொல்லியிருக்கலாம். அவர் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை, தம்பி. அதோடு முடிந்திருக்கும். நான் சொன்னேன், "பழைய தொரை பங்களாவுல தோட்டம் பார்த்தவருங்க. எங்க அப்பா டவுன்ல கடை வச்சிருக்காரு." கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னேன். உனக்கு நான் சொல்லக்கூடிய புத்தி ஏதாவது இருந்தால் அது இதுதான்: பயம் வந்தால் வாயை மூடிக்கொண்டு நில். பயத்தில் வாயைத் திறந்தால் தேவைக்கு மேல் கொடுத்துவிடுவாய்.

அப்பா அந்த இரண்டு எட்டையும் பின்னால் வைத்தார். உத்தியோகத்தரைப் பார்த்துச் சிரித்தார். "ஆமாங்கய்யா. பங்களாவுல ஒண்ணா வேல பார்த்தோம். நல்ல குடும்பத்துப் புள்ள." பிறகு என்னைப் பார்த்து, இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டு, "போயிட்டு வர்றேங்க தம்பி. ஒடம்பப் பாத்துக்குங்க," என்றார். என்னை அவர் அதுவரை டேய் என்பார், கருப்பா என்பார், கழுதை என்பார். வாங்க போங்க என்று சொன்னதே இல்லை. தங்கச்சி "அண்ணே" என்று கத்தப்போனாள். அம்மா அவள் வாயைத் தன் முந்தானையால் பொத்தி, முகத்தை நெஞ்சோடு சேர்த்து அழுத்திக்கொண்டார். சுற்றிலும் எல்லோரும் அழுதுகொண்டிருந்ததால் அது யாருக்கும் வித்தியாசமாகத் தெரியவில்லை. நான் வெள்ளைக்காரர்களின் பெட்டிகளைத் தூக்கினேன்.

பாரூக் நானா இந்த இடத்தில் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "இதயும் எழுதவா அண்ணே? மகன் தாங்குவானா?" "எழுதுங்க நானா." "கொஞ்சம் மெலிசாக்கி எழுதட்டா?" "உள்ளத உள்ளபடி எழுதுங்க. நான் மெலிசாக்கித்தான் அம்பது வருசம் ஓட்டிட்டேன்." அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "செல்லுங்க, மேல என்ன நடந்தது?" என்றார்.

மூன்று வருஷம் கழித்து வேலாயுதம் காலமானார். கொடுத்த வாக்குப்படி மஹியாவை மயானத்தில் நான் கொள்ளி வைத்தேன். மொட்டை போட்டேன், மீசையை எடுத்தேன், பதினாறாம் நாள் காரியம்வரை எல்லாம் மகன் செய்கிற மாதிரி செய்தேன். தகப்பன் உயிரோடு இருக்கிறவன் இதையெல்லாம் செய்யக்கூடாது என்று உனக்குத் தெரியும். அதைச் செய்தால், உயிரோடு இருக்கிற தகப்பனைச் செத்தவன் என்று ஊரறியச் சொல்வதாகும். என் அப்பா கடலுக்கு அந்தப் பக்கம் கூடலூரில் தேயிலைக் காட்டில் வேலை செய்துகொண்டிருந்தார். தோட்டத்திலிருந்து போன யாரோ அவரிடம் போய், உன் மகன் மொட்டை போட்டிருக்கிறான், நீ எப்போது செத்தாய் என்று கேட்டிருக்கிறார்கள். ஒரு நாள் ஹோட்டல் விலாசத்துக்கு எனக்கு ஒரு கடிதம் வந்தது. சமையல்கட்டில் ஒருவரைப் படிக்கச் சொன்னேன். அப்பாவும் யாரிடமோ சொல்லித்தான் எழுதியிருந்தார். இரண்டே வரி. "மொட்டை போட்டதாகக் கேள்விப்பட்டேன். கண்டியில் பனி அதிகம், தலையில் துணி கட்டிக்கொள்ளவும்." படித்தவர், "யாரு இது, ரொம்ப அக்கறையா?" என்று கேட்டார். "தெரிஞ்சவரு," என்றேன். ஸ்டேஷனில் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தையை அங்கே சொன்னேன். பதில் போடவில்லை. பிறகு அவர் எழுதவும் இல்லை.

என் கல்யாணப் பத்திரிகையில் காலஞ்சென்ற வேலாயுதம் அவர்களின் புதல்வன் என்று அடித்தார்கள். நீ பிறந்தபோது உன் காதில் பெயர் சொல்ல அத்தை வேண்டும் என்றார்கள். எனக்குத் தங்கச்சி இருக்கிறாள் என்று சொல்லாமல், வேலாயுதத்தின் ஒன்றுவிட்ட தம்பி மகளைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். ஆடி அமாவாசைக்கு வருஷம் தவறாமல் கெட்டம்பே ஆற்றங்கரைக்குப் போவோமே, நினைவிருக்கிறதா? ஐயர் தகப்பனார் பெயர் என்ன என்பார். நான் வேலாயுதம் என்று மூன்று தடவை சொல்லி எள்ளும் தண்ணீரும் விடுவேன். உனக்கு ஆறு வயதிருக்கும்போது ஒரு தடவை என் வேட்டியைப் பிடித்து, "ஏம்ப்பா அழுறீங்க?" என்று கேட்டாய். ஆற்றுத் தண்ணீர் கண்ணில் பட்டுவிட்டது என்றேன். அந்த வருஷம் என் அப்பா உயிரோடு இருந்தார். எள்ளும் தண்ணீரும் விட வேண்டிய வருஷம் வந்தபோது எனக்கு அது தெரியவே இல்லை.

அதனால்தான் எனக்கு அந்த லார்டு தேவைப்பட்டார். ஹோட்டலுக்கு வருகிற வெள்ளைக்காரர்களிடமும் அவர் கதையைச் சொல்வேன், ஒரு மேசைக்காரனுக்கு இவ்வளவு தெரியுமா என்று ஆச்சரியப்படுவார்கள். ஸ்கொட்லாந்துக்காரர் ஒருவர் மீதிக் கதையைச் சொன்னார். தோற்ற பிறகு கட்சித் தலைமையை இன்னொருவருக்கு விட்டுக்கொடுத்தாராம். அந்த ஆள் பிரதம மந்திரியானபோது, அவருக்குக் கீழே வெளிநாட்டு மந்திரியாக மனம் கோணாமல் வேலை செய்தாராம். வயதானதும், அவர் காலத்துக்கு மட்டும் என்று ஒரு புதுப் பட்டம் கொடுத்து மறுபடியும் லார்டு சபையில் உட்காரவைத்தார்களாம். அதையும் என் கதையில் சேர்த்துக்கொண்டேன். பெரியவர்கள் எதையும் விடுவார்கள், எங்கேயும் குனிவார்கள் என்று உனக்குச் சொன்னேன். நான் விட்டதையும் குனிந்ததையும் யாரும் கேட்காமலே நியாயப்படுத்திக்கொண்டிருந்தேன். உன் மகனுக்கு நீ கதை சொல்லும்போது, யாருக்காகச் சொல்கிறோம் என்று ஒரு நிமிஷம் யோசித்துக்கொள்.

பயந்துதானே இருந்தீர்கள் என்று நீ எனக்காகச் சொல்வாய், உன் குணம் அப்படி. பயம் இருந்தது உண்மை. ஆனால் இருபது வருஷத்துக்கு முன்னாலேயே மிச்சமிருந்த நம் ஆட்கள் எல்லோருக்கும் பிரஜாவுரிமை கொடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு என்னை எந்த உத்தியோகத்தரும் எங்கேயும் ஏற்றி அனுப்பியிருக்க முடியாது. அன்றைக்கு ராத்திரியே உன்னையும் அம்மாவையும் உட்காரவைத்துச் சொல்லியிருக்கலாம். அம்மா அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் இருந்தாள். இந்தக் குண்டசாலை வீட்டில், இதே மேசையில், தினமும் என் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டாள். சொல்லவில்லை. பயம் போன பிறகு மிச்சமிருந்தது வெட்கம் மட்டும்தான். அதைக் காப்பாற்ற எந்தச் சட்டமும் வேண்டியிருக்கவில்லை.

போன தை மாதம் தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்குப் போனேன். கூடலூரிலிருந்து ஒருவர் தன் பழைய லயத்தைப் பார்க்க வந்திருந்தார். நான் யார் என்று சொல்லாமல் மாரிமுத்து என்று ஒருவர் போனாரே என்று விசாரித்தேன். "பூக்கார மாரிமுத்துவா? அவரு போயி முப்பது வருசம் இருக்குமே. மருமகன்தான் கொள்ளி வச்சாரு. மகன் ஒருத்தன் கண்டியில இருக்கான், வேலை ஜாஸ்தி, லீவு குடுக்க மாட்டாங்கன்னு அவரே சொல்லிக்கிட்டு இருப்பாரு." எந்த மாதம், எந்தத் திதி என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. ஒரு போன் நம்பர் கொடுத்தார். இத்தனை மாதமாக அது என் சட்டைப் பையில் இருக்கிறது. என் விரலால் அதை அழுத்த முடியவில்லை.

அன்று போனில் நீ சொன்னதில் இன்னொரு சேதியும் இருந்தது. நீ அதை ஒரு வேடிக்கையாகத்தான் சொன்னாய். லார்டு விட்ட பட்டம் அழிந்துபோகவில்லையாம், அவர் விட்டது அவர் மட்டில்தானாம், அவர் இறந்ததும் அது தானாகவே மகனிடம் போய்விட்டதாம். "பாத்தீங்களாப்பா, அவரு வேணாம்னாலும் மகனுக்கு வந்துருச்சு," என்றாய். அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. தொரை இதை எனக்குச் சொன்னதே இல்லை, அவருக்குத் தெரிந்திருந்ததோ என்னவோ. நான் விட்டதும் என் மட்டில்தான் என்று நினைத்துக்கொள்ள எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை, தம்பி. உனக்கு இருக்கிறது. நீ எதையும் விடவில்லை. உன்னை யாரும் கேட்கவும் இல்லை.

அதனால் உன் பிள்ளைக்கு வேலாயுதம் என்று வைக்காதே. அந்த மனிதருக்கு நான் செய்ய வேண்டியதைச் செய்து முடித்துவிட்டேன், அவர் கோபிக்க மாட்டார். மாரிமுத்து என்று வை என்று கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை. நான் கேட்டால் அது மறுபடியும் எனக்காகக் கேட்டதாகிவிடும். அந்தப் பெயரைக் கொடுக்கவோ மறுக்கவோ உரிமையுள்ள ஒருவரிடம் நீயே கேள். அவர் மறுத்தால் வேறு பெயர் வைத்துக்கொள், ஏன் என்று கேட்காதே. சரி என்றால், பிள்ளையின் காதில் மூன்று தடவை அந்தப் பெயரை அவரையே சொல்லச் சொல். போனில் சொன்னாலும் பரவாயில்லை. என்னை அந்த நேரம் இணைப்பில் வைக்க வேண்டாம்.

தொரை அவர் ஊரில் செத்துப்போனார், லார்டும் போய்விட்டார். வேலாயுதம் போனார். அப்பா போனார், அவருக்கு இரண்டு வருஷம் முந்தியே அம்மா போய்விட்டதாகக் கூடலூர்க்காரர் சொன்னார். உன் அம்மாவும் போய்விட்டாள். நான் எந்தப் பிள்ளையாகப் பிறந்தேன் என்று தெரிந்தவர்களில் மிச்சம் ஒரே ஒருத்தி. நம்பரைப் பாரூக் நானா கடிதத்தின் பின்பக்கம் எழுதுகிறார். யாருடைய நம்பர் என்று எழுத வேண்டும், பெயரைச் செல்லுங்க அண்ணே என்கிறார். கோச்சி போன அன்றிலிருந்து அந்தப் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. உன் அத்தை, தம்பி. என் தங்கச்சி. தெய்வானை.